டிவி வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தீபாவளிக் கழிவில் 55 அங்குல 4கே டிவி வாங்கலாம் என்று இருக்கிறோம். வீட்டில் ஆஸ்ட்ரோ அல்ட்ரா பாக்ஸ், மகனின் பிளேஸ்டேஷன் 5, பழைய ஹோம் தியேட்டர், கல்யாண டிஸ்க் போட்டுப் பார்க்க ஒரு டிவிடி பிளேயர் இருக்கின்றன. கடையில் காட்டிய இரண்டு செட்டிலும் படம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. விலையில் மட்டும் 900 வெள்ளி வித்தியாசம். கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் அங்கிள், பிராண்டுக்குத்தான் காசு" என்கிறார்கள். எதை எடுப்பது?
– வாசகர், செந்தூல்

பதில்: கடையில் எல்லா செட்டிலும் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, பளிச்சென்ற டெமோ வீடியோவை ஓட்டுவார்கள். அங்கே நின்று படத்தை ஒப்பிட்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த 900 வெள்ளி எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் மலேசியப் பக்கத்தில் விவரப் பட்டியலைத் தேடுங்கள். மாடல் எண்ணில் கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் இணைப்புகள் மாறலாம். முழு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் எச்டிஎம்ஐ துளைகளை (படமும் சத்தமும் ஒரே ஒயரில் வரும் இணைப்பு) எண்ணுங்கள். ஆஸ்ட்ரோவுக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று. மூன்று துளை உள்ள செட் வாங்கிய அன்றே நிரம்பிவிடும். பிறகு சொருக நினைக்கும் லேப்டாப்புக்கோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கோ இடம் இருக்காது. தனியாக ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். சமாளிக்கலாம்தான். ஆனால் மலிவான ஸ்விட்ச்கள் 4கே 120 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 120 முறை மாறும் 4கே படத்தை, கடத்தாது. ரிமோட் ஒன்றை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து எழும்பும் வசதியும் அவற்றில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு நான்கு துளை தேவை.

அடுத்து, எந்தத் துளை என்ன செய்யும் என்று பாருங்கள். நான்கும் ஒரே தரமாக இருக்காது. துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '4கே 120 ஹெர்ட்ஸ்', 'ஏஆர்சி', 'இஏஆர்சி' என்று போட்டிருக்கும். டிவியின் சத்தத்தை ஹோம் தியேட்டருக்கோ சவுண்ட்பாருக்கோ திருப்பி அனுப்புவது ஏஆர்சி துளை, இஏஆர்சி அதன் மேம்பட்ட வகை. ஒரு டிவியில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சில மாடல்களில் 120 ஹெர்ட்ஸ் துளை இரண்டு என்று விளம்பரம் வரும், ஆனால் அதில் ஒன்றே இஏஆர்சியாகவும் இருக்கும். சவுண்ட்பாரை அதில் மாட்டிவிட்டால் விளையாட்டுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். ஒரு பிளேஸ்டேஷனுக்கு அது போதும்.

120 ஹெர்ட்ஸ் துளைக்குப் பின்னால் 120 ஹெர்ட்ஸ் திரையும் இருக்க வேண்டும். 'மோஷன் ரேட் 200', '120 எச்எஸ்ஆர்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். முதலாவது, மென்பொருளால் படத்தை வழவழப்பாகக் காட்டும் வேலைக்கு வைத்த எண். இரண்டாவது, தெளிவைப் பாதியாக்கி வேகத்தைக் கூட்டும் தந்திரம். விவரப் பட்டியலில் 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' என்ற வரியில் என்ன இருக்கிறதோ அதுவே உண்மை. அங்கே 60 என்று இருந்தால் 60தான்.

ஹோம் தியேட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பழக்கத்தில் ஆஸ்ட்ரோ பெட்டியை ஹோம் தியேட்டருக்குள் மாட்டி, அங்கிருந்து டிவிக்கு ஒயர் இழுக்காதீர்கள். 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 என்ற காப்புப் பூட்டு உண்டு. நடுவில் இருக்கும் பழைய கருவி அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் திரை கறுப்பாகிவிடும், அல்லது படம் 1080-க்கு இறங்கிவிடும். எல்லாப் பெட்டியையும் டிவியில் மாட்டுங்கள். டிவியிலிருந்து ஒரே ஒயர் ஹோம் தியேட்டருக்குப் போகட்டும். ஹோம் தியேட்டரின் 'எச்டிஎம்ஐ அவுட்' துளையில் ஏஆர்சி என்று எழுதியிருந்தால் அந்த ஒயர் எச்டிஎம்ஐ. எழுதவில்லை என்றால் அந்த வழியில் சத்தம் திரும்பி வராது, எத்தனை ஒயர் மாற்றினாலும் வராது. அப்போது சத்தத்தை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் ஒயர் போடுங்கள். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் சரியாக வரும், தலைக்கு மேலிருந்தும் கேட்கும் அட்மாஸ் ஒலி வராது.

இஏஆர்சி இல்லாவிட்டால் நஷ்டமா? உங்கள் வீட்டுக்கு இல்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அனுப்பும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில் வருகிறது. சாதாரண ஏஆர்சியே அதைச் சுமக்கும். ப்ளூ-ரே டிஸ்க்கில் உள்ள தரம் இழக்காத ஒலிக்குத்தான் இஏஆர்சி தேவை. பிளேஸ்டேஷனில் மட்டும், ஒலி அமைப்புக்குள் போய் ஆடியோ ஃபார்மட்டை 'பிட்ஸ்ட்ரீம் டால்பி' என்று மாற்றுங்கள். 'லீனியர் பிசிஎம்' என்று விட்டால், ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் இரண்டு ஸ்பீக்கர் ஒலிதான் வரும்.

டிவிடி பிளேயரின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயருக்குப் புது செட்களில் மூன்று துளைகள் கிடையாது. ஹெட்போன் துளை மாதிரி ஒரு சின்னத் துளையும், அதற்கு ஒரு குட்டி ஒயரும் இருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் குட்டி ஒயரை டிவியோடு வந்ததாகவே வாங்குங்கள். உள்ளே இணைப்பு வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால், மஞ்சளைச் சிவப்பில் மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஐந்து வண்ணத் துளை உள்ள செட்களில் மஞ்சள் ஒயர் பெரும்பாலும் பச்சைத் துளைக்குப் போகும். ஏவி துளையே இல்லாத செட் என்றால் 'ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ' மாற்றி ஒன்று வேண்டும். 'எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி' மாற்றியும் அதே அளவு, அதே நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும். தவறானதை வாங்கி வந்து டிவி கெட்டுப்போனது என்று நினைப்பவர்கள் நிறைய.

ஆக, விலை கூடிய செட்டில் நான்கு துளையும் நேட்டிவ் 120 ஹெர்ட்ஸும் இருந்தால் 900 வெள்ளியைக் கொடுக்கலாம். மகன் விளையாடுவது மாதம் ஒரு தடவை என்றால் கொடுக்க வேண்டாம். நான்கு துளையுள்ள 60 ஹெர்ட்ஸ் செட்டே போதும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. எச்டிஎம்ஐ துளைகள் பல செட்களில் குறைந்த வேகத்தில் பூட்டியே வருகின்றன. சாம்சுங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டில் 'என்ஹான்ஸ்ட்'. இதைத் துளைவாரியாகத் திறந்துவிடுங்கள். காசு கொடுத்த 4கே எச்டிஆர் பல வீடுகளில் இந்த மெனுவுக்குள்ளேயே தூங்குகிறது.

கேள்வி: புது டிவியில் சிவப்பு-வெள்ளைத் துளை இல்லை. எங்கள் கராவோகே ஆம்ப்ளிஃபையருக்கு அதுதான் வேண்டும். இணையத்தில் முப்பது வெள்ளிக்கு ஒரு ஆப்டிகல் மாற்றி வாங்கி மாட்டினோம். யூடியூப் பாட்டுக்குச் சத்தம் வருகிறது, ஆஸ்ட்ரோவுக்கு வரவில்லை. மாற்றி பழுதா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பழுதில்லை. சத்தம் ஒன்றில் வந்து இன்னொன்றில் வராமல் இருப்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. யூடியூப் பாட்டு சாதாரண இரண்டு சேனல் பிசிஎம் ஒலியாகப் போகிறது. ஆஸ்ட்ரோவின் சில அலைவரிசைகள் டால்பி டிஜிட்டலாக வருகின்றன. டிவி அதை அப்படியே ஆப்டிகலில் அனுப்ப, அந்தச் சின்ன மாற்றிக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. பேசாமல் இருந்துவிடும், இல்லாவிட்டால் கரகரக்கும்.

டிவியின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் சவுண்ட் அவுட்' அல்லது 'டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மட்' என்று இருக்கும். 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 'பிசிஎம்' வையுங்கள். ஸ்பீக்கர் தேர்விலும் 'ஆப்டிகல்' என்று வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சத்தமே இல்லை என்றால் ஒயரின் இரு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். புது ஆப்டிகல் ஒயரின் நுனியில் கண்ணாடி போன்ற ஒரு குட்டி மூடி இருக்கும். ஒரு பக்கம் கழற்றி மறுபக்கம் மறந்துவிடுவது சகஜம். டிவிப் பக்கம் சொருகி மறுமுனையைப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். மாற்றிக்கு யுஎஸ்பி மின்சாரம் வேண்டும். டிவியின் யுஎஸ்பியிலேயே கொடுக்கலாம், டிவியோடு சேர்ந்து அதுவும் அணையும்.

ஆப்டிகலில் போகும் சத்தத்தைப் பல டிவி ரிமோட்கள் கூட்டிக் குறைக்காது. ஆம்ப்ளிஃபையரில்தான் வைக்க வேண்டும். மைக்கை எப்போதும் நேராக ஆம்ப்ளிஃபையரிலேயே மாட்டுங்கள். 'ப்ளூடூத்தில் அனுப்பினால் ஒயரே வேண்டாமே' என்று வீட்டுப் பிள்ளைகள் சொன்னால் கேட்காதீர்கள். பாட்டு பிந்தி வரும், திரையில் வரிகள் முந்திப் போகும், பாடுபவர் பாவம்.

கேள்வி: பென்டிரைவில் உள்ள படங்கள் பழைய டிவியில் ஓடின. புது டிவியில் காட்சி வருகிறது, வசனம் வரவில்லை. சில படங்கள் பென்டிரைவில் ஏறவே இல்லை.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இரண்டும் வேறு வேறு பிரச்சினை. சத்தம் இல்லாத படங்களின் ஒலி டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி வடிவத்தில் இருக்கும். சாம்சுங் 2018 முதல் டிடிஎஸ் ஆதரவை நிறுத்திவிட்டது. எல்ஜியும் இடையில் சில ஆண்டுகள் விட்டு, 2023 மாடல்கள் சிலவற்றில் திரும்பக் கொண்டுவந்தது. மென்பொருளைப் புதுப்பித்து இதைச் சரிசெய்ய முடியாது. ஒன்று, டிடிஎஸ் தெரிந்த ஆண்ட்ராய்டு பெட்டியில் போட்டுப் பாருங்கள். அல்லது கணினியில் ஒலியை மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக மாற்றிக்கொள்ளுங்கள். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றினால் சில நிமிடத்தில் முடியும்.

ஏறாத படங்கள் 4 ஜிபிக்கு மேற்பட்டவையாக இருக்கலாம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் அவ்வளவு பெரிய கோப்பு ஏறாது. கோப்புகளை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். சின்ன ஹார்ட் டிஸ்க் மாட்டினால் டிக்டிக்கென்று சத்தம் போட்டு நின்றுவிடுவது மின்சாரம் போதாமல்தான். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டிவியில் நீலத் துளையோ 'எச்டிடி' என்று எழுதிய துளையோ இருந்தால் அதில் மாட்டுங்கள்.

கேள்வி: இடி வந்தால் டிவி பிளக்கை எடுத்துவிடுவோம். அப்படியிருந்தும் போன மாத மழையில் ஆஸ்ட்ரோ மாட்டியிருந்த எச்டிஎம்ஐ துளை செத்துவிட்டது. எப்படி?
– வாசகர், கெப்போங்

பதில்: டிவி பிளக்கை எடுத்தீர்கள், ஆஸ்ட்ரோ பிளக்கையும் கூரைத் தட்டின் (டிஷ்) ஒயரையும் எடுக்கவில்லை. கூரைத் தட்டிலிருந்து வரும் ஒயர் ஆஸ்ட்ரோ பெட்டிக்குள் போகிறது, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குள் போகிறது. மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் விழுந்தாலே அந்த நீண்ட ஒயரில் அழுத்தம் எழும். எச்டிஎம்ஐ சில்லு தாங்குவது சில வோல்ட்தான்.

மழை கறுக்கும்போதே எடுக்க வேண்டியவை: டிவி பிளக், ஆஸ்ட்ரோ பிளக், தட்டின் திருகு ஒயர், வெளியே ஆன்டெனா இருந்தால் அதுவும். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அந்த ஒயர்களைத் தொடாதீர்கள். ரௌட்டரிலிருந்து லேன் ஒயர் டிவிக்கு வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் வழியாக வரும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் பலகை உதவும், வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால். பழைய வீடுகளில் எர்த் அறுந்து கிடந்தால் அதில் எரியும் பச்சை விளக்கு வெறும் அலங்காரம். எலக்ட்ரீஷியனிடம் அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். புரொடெக்டரின் உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் பலகையை மாற்றுங்கள்.

செத்த துளையை விட்டு மற்றவை வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிவி பிளக்கை ஐந்து நிமிடம் எடுத்துவைத்து, வேறு ஒயரோடு ஒவ்வொரு துளையாகச் சோதியுங்கள். மற்றவை ஓடினால் அப்படியே பயன்படுத்துங்கள். ஒரு துளைக்காக மெயின் போர்டு மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. உத்தரவாதத்தை நம்பவும் வேண்டாம். மின்னல் சேதத்துக்கு விலக்கு என்று அட்டையின் பின்னால் அச்சிட்டிருப்பார்கள்.

கேள்வி: ஆஸ்ட்ரோவை நிறுத்திவிட்டு இலவச அலைவரிசைகள் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். டிவி2-இல் தமிழ்ச் செய்தி பார்க்க வேண்டும். தனியாகப் பெட்டி வாங்க வேண்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இப்போது வருவது மைஃப்ரீவியூ என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு, தொழில்நுட்பம் டிவிபி-டி2. டிவியின் விவரப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் பெட்டி வேண்டாம், ஆன்டெனா போதும். மாதக் கட்டணம் கிடையாது. மின்னல் எஃப்எம் வானொலியும் அதிலேயே வரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் என்றால் கவனம். அமெரிக்க செட்டின் டியூனர் இங்கே உதவாது. அதற்குத் தனிப்பெட்டி வேண்டும்.

பட்டர்வொர்த்தில் உங்களுக்கு வடக்கே ஜெராய் மலை, ஒளிபரப்புக் கோபுரம் அங்கே இருக்கிறது. யுஎச்எஃப் ஆன்டெனாவை வெளியே, அந்தப் பக்கம் பார்க்க வையுங்கள். டிவியில் நாட்டை 'மலேசியா' என்று தேர்ந்து, மூலத்தை 'ஆன்டெனா' என்று வைத்து, 'கேபிள்' என்பதைத் தவிர்த்து, டிஜிட்டல் தேடலை ஓட்டுங்கள். ஆன்டெனாவில் பூஸ்டர் இருந்தால் அதற்கு மின்சாரம் வேண்டும். சில வகைகளுக்கு டிவி மெனுவில் 'ஆன்டெனா 5 வோல்ட்' என்பதைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே பெரிய பூஸ்டர் வாங்கப் போகாதீர்கள். சிக்னல் அதிகமானாலும் அப்படித்தான் உடையும். பூஸ்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை பாருங்கள். கடலோர வீடுகளில் ஒயர் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள்.

கேள்வி: யூனிஃபை 300 எம்பிபிஎஸ் எடுத்திருக்கிறோம். டிவிக்கு லேன் ஒயர் போட்டும் சோதித்தால் 95-க்கு மேல் போகவில்லை. புகார் கொடுக்கலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வேண்டாம். பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகைதான், விலை கூடிய செட்களிலும் கூட. 4கே நெட்ஃபிளிக்ஸுக்கு 15 எம்பிபிஎஸ் போதும். ஒயரையே வைத்திருங்கள். வேகம் குறைவாகத் தெரிந்தாலும் வைஃபையைவிட நிலையானது.

கேள்வி: கொண்டோ ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் பத்தடி. 65 அங்குலம் அதிகமா? சுவரில் மாட்டலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: அதிகமில்லை. திரையின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்கினால் வசதியான தூரம் கிடைக்கும். 65 அங்குலத்துக்கு அது சுமார் 2.6 மீட்டர், உங்கள் பத்தடி 3 மீட்டர். செட்டின் அகலம் ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் வரும். மேசையில் வைப்பதானால் திரை அகலத்தை விடக் கால்களின் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு கோடியிலும் கால் வைத்த மாடல்கள் 120 சென்டிமீட்டர் மேசையில் நிற்காது.

சுவரில் மாட்டுமுன் தட்டிப் பாருங்கள். செங்கல் என்றால் கவலையில்லை. ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால் உள்ளே சட்டம் ஓடும் இடத்தில்தான் திருக வேண்டும், 20 கிலோவுக்கு மேற்பட்ட எடை அது. பிராக்கெட்டின் துளை இடைவெளி டிவியின் வீசா அளவோடு (பின்பக்கத் திருகுத் துளைகளின் இடைவெளி) பொருந்த வேண்டும். திருகு நீளம் கூடினால் உள்ளே குத்தி பேனலையே கெடுத்துவிடும். சிலர் பிராக்கெட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்பு நேராகப் பின்னோக்கி இருக்கும் துளையில் எச்டிஎம்ஐ சொருக முடியாமல் தவிப்பார்கள். பக்கவாட்டுத் துளைகள் உள்ள செட்டா என்று கடையிலேயே பாருங்கள். நடுத்திரை தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கழுத்து வலிக்காது.

கேள்வி: ஓஎல்இடி வாங்க ஆசை. வீட்டில் காலை முதல் இரவு வரை செய்தியும் சீரியலும் ஓடும். சரிப்படுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: சரிப்படாது. நாள் முழுவதும் ஒரே மூலையில் நிற்கும் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடித் திரையில் காலப்போக்கில் தடம் பதிக்கும். உங்களுக்கு எல்இடிதான். படம் பார்க்க மட்டும் இரவில் போடும் வீடாக இருந்தால் பதில் வேறு.

கேள்வி: அம்மாவுக்குக் காது சற்று மந்தம். அவர் கேட்கும் அளவுக்குக் கூட்டினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால் எங்களுக்குச் சத்தம் நின்றுவிடுகிறது.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: டிவி ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் ஒன்றாக ஒலிக்கும் வசதி சில செட்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஒலி வெளியீட்டு மெனுவில் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஆப்டிகல் துளையில் மாட்டும் ஒயரில்லா டிவி ஹெட்போன் வாங்குங்கள், ரேடியோ அலையில் ஓடும் வகை. பல டிவிகளில் ஆப்டிகலைத் தேர்ந்தால் ஸ்பீக்கர் ஓய்ந்துவிடும். 'ஆப்டிகல் மற்றும் டிவி ஸ்பீக்கர்' என்று சேர்த்து ஒரு தேர்வு உள்ள செட்டா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இங்கும் 'பிசிஎம்' வைக்க மறக்க வேண்டாம். அம்மாவின் ஹெட்போனிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கும், அதை அவரே பார்த்துக்கொள்வார். சார்ஜ் செய்யும் தாங்கியோடு வருவதாக வாங்குங்கள். சின்ன ஒயரைத் தேடிச் சொருகச் சொன்னால் இரண்டாம் வாரம் அது அலமாரிக்குப் போய்விடும்.